தேர்தல் அறிக்கை சொல்லாத வரி: பிரிட்டனின் ஒப்பந்தப் பணியாளர்கள்

பிரிட்டனில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், சுயேச்சையாகத் தொழில் செய்யும் ஒப்பந்தப் பணியாளரின் வரிச்சுமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: அவர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவரா, பெயரளவில் மட்டும் அப்படி இயங்கும் ஊழியரா என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும், அவருடைய ஊதியம் யார் கைவழியாக அவரை வந்தடைகிறது என்பதும். தேர்தல் மேடைகளில் வருமான வரியின் விகிதம் பேசப்படும் அளவுக்கு இவ்விரண்டும் பேசப்படுவதில்லை.

அந்த ஊதியம் வந்துசேர மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சொந்தப் பெயரிலேயே தொழில் செய்து, ஆண்டு இலாபத்தின் மீது வருமான வரியும், ஓய்வூதியம் முதலியவற்றுக்காக வசூலிக்கப்படும் தேசியக் காப்பீட்டுத் தொகையும் செலுத்துவது. இரண்டாவது, தனக்கென ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து சிறிதளவு சம்பளமும் எஞ்சிய இலாபத்தைப் பங்காதாயமாகவும் எடுத்துக்கொள்வது. பங்காதாயத்துக்குத் தேசியக் காப்பீடு கிடையாது என்பதே இவ்வழியின் ஈர்ப்பு. மூன்றாவது, அம்ப்ரெல்லா நிறுவனம் எனப்படும் இடைநிலை அமைப்பில் ஊழியராகச் சேர்ந்துவிடுவது. வேலை கொடுப்பவர் தரும் தொகையை அந்த நிறுவனம் பெற்று, வரிகளைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகத் தருகிறது.

இரண்டாவது வழியை அடைப்பதற்காக வந்த விதியே ‘ஐஆர் 35’. தொழிற்கட்சியின் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் 1999 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அன்று வருவாய்த் துறை வெளியிட்ட செய்திக்குறிப்பின் எண்தான் அப்பெயராக நிலைத்துவிட்டது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இவ்விதியின்படி, இடையிலுள்ள நிறுவனத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால் ஒருவர் ஊழியராகத் தோன்றுவாரானால், அவர் ஊழியரைப் போலவே வரி செலுத்த வேண்டும். யார் ஊழியர் என்பதற்கு நாடாளுமன்றம் தெளிவான இலக்கணம் எதையும் வகுக்காததால், நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டிகளாயின. அவற்றுள் முதன்மையானது, ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர் பற்றிய 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த ஓட்டுநர் நிறுவனத்தின் சீருடையை அணிந்து, அதன் வண்ணம் பூசப்பட்ட லாரியையே ஓட்டினார். ஆயினும் லாரியைத் தவணையில் வாங்கிப் பராமரிக்கும் செலவும் இடரும் அவருடையவை என்பதாலும், தமக்குப் பதிலாக வேறொருவரை ஓட்ட வைக்கலாம் என்பதாலும் அவரைச் சுயேச்சை ஒப்பந்ததாரர் என்றே நீதிமன்றம் கருதியது. இவ்வளவு நுணுக்கமாக எடைபோட வேண்டிய ஒன்றை ஒரு மென்பொருள் வல்லுநரோ பொறியாளரோ ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருந்ததுதான் தொடக்கக் காலக் குழப்பத்துக்குக் காரணம்.

தொழிற்கட்சி கொண்டுவந்த இவ்விதியைக் கடுமையாக்கியது கன்சர்வேடிவ் கட்சி. 2017 ஏப்ரலில் அரசுத் துறை வேலைகளுக்கும், 2021 ஏப்ரலில் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கும், தீர்மானிக்கும் பொறுப்பு பணியாளரிடமிருந்து வேலை கொடுப்பவருக்கு மாற்றப்பட்டது. தவறான முடிவுக்கான வரிப்பாக்கி தம் தலையில் விழும் என்பதால், பல நிறுவனங்கள் ஒவ்வொருவரின் வேலைத் தன்மையையும் தனித்தனியே ஆராயாமல் எல்லோரையும் ஊழியர் வகையில் சேர்த்தன, அல்லது சொந்த நிறுவனம் வைத்திருப்போருக்கு வேலையே தர மறுத்தன. அவ்வாறு தள்ளப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் அம்ப்ரெல்லா நிறுவனங்களே.

கட்சியின் பெயரைக் கொண்டு கொள்கையை ஊகிக்க முடியாது என்பதற்கு 2022ஆம் ஆண்டு சரியான சான்று. செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்டெங் 2017, 2021 மாற்றங்கள் இரண்டையும் அடுத்த ஏப்ரலில் நீக்குவதாக அறிவித்தார். அக்டோபர் 17 அன்று, அதே கட்சியில் அவருக்குப் பின் பதவியேற்ற ஜெரெமி ஹன்ட் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அந்த 24 நாள் இடைவெளியில் அறிவிப்பை நம்பிப் புதிதாக நிறுவனம் பதிவு செய்தவர்கள் எவரேனும் இருந்தால், அவர்களுக்கு எந்தப் பரிகாரமும் இல்லை. 2017லும் இதே கட்சியின் ஃபிலிப் ஹாமண்ட், சுயதொழில் செய்வோரின் தேசியக் காப்பீட்டு விகிதத்தை 9 சதவீதத்திலிருந்து படிப்படியாக 11 சதவீதமாக உயர்த்தப்போவதாக மார்ச் 8 அன்று அறிவித்து, அது கட்சியின் 2015 தேர்தல் வாக்குறுதிக்கு முரணானது என்ற எதிர்ப்பு எழுந்ததும் ஒரே வாரத்தில் பின்வாங்கினார். மாறாக, 2024 ஏப்ரலில் அதே விகிதம் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால், ஆண்டுக்கு 30,000 பவுன் இலாபம் ஈட்டுபவருக்குச் சுமார் 520 பவுன் மிச்சமானது. அவ்வாண்டுத் தேர்தலில், அவ்விகிதத்தை நாடாளுமன்றப் பதவிக்காலம் முடிவதற்குள் முற்றிலும் ஒழிப்பதாகவும் கன்சர்வேடிவ் கட்சி சொன்னது. ஆனால் தேர்தலில் தோற்றது.

வென்ற தொழிற்கட்சி, வருமான வரியின் விகிதங்களையும் தேசியக் காப்பீட்டையும் மதிப்புக் கூட்டு வரியையும் உயர்த்துவதில்லை என்று வாக்களித்திருந்தது. 2024 அக்டோபரில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தி, அது தொடங்கும் வரம்பையும் 9,100 பவுனிலிருந்து 5,000 பவுனாகத் தாழ்த்தினார். இரண்டும் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. உழைப்பவர்களின் சம்பளச் சீட்டில் இது தோன்றாது என்பதே அரசின் வாதம். சாதாரண ஊழியரைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. ஆனால் அம்ப்ரெல்லா நிறுவனத்தில் இருப்பவருக்கு, முதலாளியின் காப்பீடும் வேலை கொடுப்பவர் தந்த தொகைக்குள்ளிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 60,000 பவுன் பெறும் ஒருவரை எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் கட்டணம் போன்ற பிற பிடித்தங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அவருடைய மொத்தச் சம்பளம் ஏறத்தாழ 53,830 பவுனிலிருந்து 52,830 பவுனாகச் சுருங்குகிறது. இதற்கு மேல்தான் அவருடைய சொந்த வருமான வரியும் காப்பீடும். முதலாளிக்கென விதிக்கப்பட்ட வரியை உழைப்பவர் முழுமையாகச் சுமக்கும் இந்த ஏற்பாடு நியாயமற்றது. அதை எந்தப் பெரிய கட்சியும் தன் வாக்குறுதியின் மையத்தில் வைக்காதது வருத்தத்துக்குரியது.

2025 நவம்பர் நிதிநிலை அறிக்கை இப்படத்தை மேலும் மாற்றியது. பங்காதாய வரியின் அடிப்படை விகிதம் 2026 ஏப்ரல் முதல் 8.75 சதவீதத்திலிருந்து 10.75 சதவீதமாகிறது. 2016இல் 5,000 பவுனாக இருந்த பங்காதாய விலக்கு ஏற்கெனவே 500 பவுனாகச் சுருங்கியிருந்தது. வரியில்லா வருமானத்தின் எல்லையான 12,570 பவுன் 2031 வரை மாறாது என்பதால், விகிதம் எதுவும் உயராமலே விலைவாசியோடு சேர்ந்து வரியும் ஏறும்.

இனி, அடிப்படை வரி அடுக்கில் இருப்பவருக்கு வேலை கொடுப்பவர் கூடுதலாக 100 பவுன் தருவதாக வைத்துக்கொண்டால், சொந்தப் பெயரில் தொழில் செய்பவரின் கையில் 74 பவுன் நிற்கும். சொந்த நிறுவனம் வைத்திருப்பவருக்கு, 19 சதவீத நிறுவன வரியும் பங்காதாய வரியும் போக, 72 பவுனுக்குச் சற்று மேல் கிடைக்கும். அம்ப்ரெல்லாவில் இருப்பவருக்குக் கிட்டுவது ஏறத்தாழ 62 பவுன் 60 பென்ஸ். ஆகவே, ஐஆர் 35 காவல் காத்துவந்த வழி இப்போது இந்த அடுக்கில் சொந்தப் பெயரில் தொழில் செய்வதைவிடச் சற்றுக் கூடுதல் வரியுள்ளதாகிவிட்டது. ஊழியரைப் போல வரி செலுத்துவோருக்கும் மற்ற இருவருக்கும் இடையிலுள்ள 10 பவுன் வேறுபாட்டில் பெரும்பகுதியும் முதலாளியின் காப்பீட்டால் விளைவது. ஐஆர் 35ஐ அறவே ஒழிப்பதாக 2024இல் வாக்களித்த ரிஃபார்ம் யூகே கட்சியாயினும், அதைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும் மற்றக் கட்சிகளாயினும், ஒப்பந்தப் பணியாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த 15 சதவீதத்தை இனி வேலை கொடுப்பவர் தம் பணத்திலிருந்து தருவாரா, அல்லது பேசி முடித்த கூலிக்குள்ளிருந்தே தொடர்ந்து எடுத்துக்கொள்வாரா?