ஆசையை எழுத ஒரு கூடம்: உப்பளக் கரையில் பெண்கள் எழுத்துக் கூடுகை நடத்துபவர்களுக்கு

பெண்ணின் உடலின்பத்தைப் பெண்ணே கதையாக எழுதுவது இந்தியாவில் குற்றமல்ல. அதற்காகப் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு கூடத்தில் உட்கார்ந்து எழுதுவதும், எழுதியதைத் தங்களுக்குள் வாசித்துக் காட்டுவதும் குற்றமல்ல. உப்பளங்கள் உள்ள மரக்காணம் போன்ற ஓர் ஊரில் இதை நடத்த நினைக்கும் மகளிர் குழுவோ வாசகர் வட்டமோ முதலில் இதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்து உண்டு, ஆனால் அது பெரும்பாலும் நீதிமன்றத்திலிருந்து வருவதில்லை. கைமாறிப் போகும் ஒரு செல்போன் படத்திலிருந்தும், ‘பேசித் தீர்த்துக்கலாம், வாங்க’ என்ற அழைப்பிலிருந்தும்தான் வருகிறது.

முதலில் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளத்தில் பாத்திகள் மூழ்கிவிடும். உப்பு வாரி, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டும் பெண்களுக்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூலி இல்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுப்பது இந்த மாதங்களுக்காகத்தான். அப்போது அவர்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. ஆகவே கட்டணம் வாங்காதீர்கள். பஸ் காசும் மதியச் சாப்பாடும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வேலைக் காலத்தில் விடியுமுன் அளத்துக்குப் போய், வெயிலில் உப்பின் வெளிச்சம் கண்ணை எரிக்கத் திரும்பி வருகிறவளை மாலையில் கதை எழுத அழைப்பது நியாயமில்லை.

இந்தக் கரைக்குப் புதிதாக எதையும் நாம் கொண்டுவந்து இறக்கவில்லை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அகநானூற்றில் அம்மூவனார் பாடிய ஒரு நெய்தல் பாட்டில், உமணர் மகள் நெல்லுக்கு உப்பு என்று விலை கூவிக்கொண்டு தெருவில் போகிறாள். பார்த்தவன் மனம் கலங்கி நிற்கிறான். பேசுகிறவன் அவன். அவள் மனத்தில் என்ன இருந்தது என்று பாட்டில் இல்லை. அதை இனி அவள் வழிவந்தவர்கள் எழுதலாம். கரிசல் காட்டிலிருந்து புதுச்சேரிக்கு வந்து குடியேறிய கி. ராஜநாராயணன், ஊருக்குள் மறைவாகச் சொல்லப்பட்டுவந்த பாலியல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று புத்தகமாகவே போட்டார்; கழனியூரனோடு சேர்ந்து ‘மறைவாய்ச் சொன்ன கதைகள்’ தொகுதியும் வந்தது. களத்துமேட்டில் பெண்கள் சொல்லிச் சிரிக்காத கதையா என்று கேட்கும் பாட்டிகள் மரக்காணத்திலும் இருப்பார்கள். அவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

ஆனால் பெண் தானே எழுதியபோதெல்லாம் ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி, ராதையின் வேட்கையைத் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியமாக்கினார். இசைக் கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். மறுஆண்டே சென்னையில் ஆபாசம் என்று புகார் கிளம்பி, நூல் தடைசெய்யப்பட்டது. ஆண் புலவர்கள் அதே சிருங்காரத்தை எழுதினால் இலக்கியம், பெண் எழுதினால் வெட்கக்கேடா என்பதுதான் நாகரத்தினம்மாளின் கேள்வி. தடை நீங்க 1947 வரை, தங்குதூரி பிரகாசம் முதலமைச்சராக இருந்த காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ கவிதைத் தொகுப்பு வந்தபோதும், சல்மா, சுகிர்தராணி, புதுச்சேரிக்காரரான மாலதி மைத்ரி ஆகியோர் உடலை எழுதியபோதும் அவர்களைத் தேடி வந்தவை மிரட்டல்களும் மேடை வசவுகளும்தான். சல்மா இரவில் கழிவறையில் நின்றபடி எழுதி, தாய் மூலமாக வெளியே அனுப்பி, புனைபெயரில் அச்சேறியவர். இன்று அவர் மாநிலங்களவை உறுப்பினர்.

இனி சட்டம். ஆபாசம் பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆபாச நூலை விற்றால், பரப்பினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மின்னணு வடிவமும் இதில் அடங்கும். ஆனால் அதே பிரிவு அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றுக்காகப் பொதுநன்மை கருதி வெளியிடப்படுவதை விலக்கிவைக்கிறது. எது ஆபாசம் என்பதில் உச்ச நீதிமன்றம் வெகுதூரம் வந்துவிட்டது. 1985இல் சமரேஷ் போஸ் வழக்கில், கொச்சையாக இருப்பது வேறு, ஆபாசம் வேறு என்றது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில், ஒரு வரியைப் பிய்த்து எடுக்காமல் முழுப் படைப்பையும் இன்றைய சமூகத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் அபூர்வா அரோரா வழக்கிலும், கெட்ட வார்த்தை இருப்பதாலேயே ஆபாசமாகிவிடாது என்று உறுதிசெய்தது. ஆகவே உங்கள் கூடுகையின் அழைப்பிதழ், பயிற்சித் திட்டம், வாசித்து விவாதித்த நூல்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். இது இலக்கியப் பயிற்சி என்று நாளை ஒரு வக்கீல் காட்ட வேண்டி வந்தால் அந்தக் கோப்புதான் பேசும்.

வாய்விட்டு வாசிப்பதற்கு அதே நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு இருக்கிறது. பொது இடத்திலோ அதன் அருகிலோ மற்றவர்களுக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசமாகப் பாடுவதும் பேசுவதும் அதில் வரும். கோயில் மண்டபமும் கடற்கரை மணலும் வேண்டாம். நான்கு சுவர் உள்ள கூடம், வாசலில் ஓர் ஆள், மைக் இல்லாத குரல். ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி தேவை என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மைக்கே வைக்காவிட்டால் அந்த வம்பும் இல்லை.

செல்போனில்தான் தண்டனை கூடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில் முதல் முறை 3 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டும் உள்ளடக்கத்துக்கு 67ஏ பிரிவில் 5 ஆண்டு, 10 லட்சம் வரை. இலக்கிய விலக்கு இங்கேயும் உண்டு. ஆனாலும் அதை நிரூபிக்க வேண்டிய இடத்துக்கு நாம் ஏன் போக வேண்டும்? கதைகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழுவின் அட்மின் என்பதற்காக மட்டும் பிறர் பதிவுக்குப் பொறுப்பாக முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் சொன்னது உண்மைதான். ஆனால் தானே அனுப்பியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைவிட முக்கியம், இந்தப் பகுதியில் பல வீடுகளில் போன் ஒன்று, அதைத் தொடுகிற கைகள் நான்கு. பேனாவும் நோட்டும் போதும். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதவர்களின் நோட்டைப் பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டியில் குழுவே வைத்துக்கொள்ளலாம். அட்டையில் பெயர் எழுத வேண்டாம், ஒரு எண்ணோ பூவின் பெயரோ போதும்.

விட்டுக்கொடுக்கவே முடியாத எல்லை ஒன்று உண்டு. பங்கேற்பவர்கள் எல்லோரும் 18 வயது நிறைந்தவர்கள். கதையில் காமம் கொள்ளும் எந்தப் பாத்திரமும் 18க்குக் கீழே இருக்கக் கூடாது. ‘அது வெறும் கற்பனைதானே’ என்ற சமாதானம் செல்லாது. மின்னணு வடிவில் குழந்தைகளை அப்படிச் சித்திரிக்கும் எழுத்தையே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு குற்றமாக்குகிறது. அதோடு, 18 வயது நிறையாத ஒருவருக்கு நேர்கிற பாலியல் கொடுமையை யாராவது கூட்டத்தில் சொல்லிவிட்டால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதைக் கூட்டம் தொடங்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டதாக யாரும் உணரக் கூடாது.

கூடத்துக்குள் நான் வைக்கும் முதல் விதி, ‘இது உனக்கு நடந்ததா?’ என்று யாரும் கேட்கக் கூடாது என்பது. ‘யாருக்கா இது, உங்க வீட்டுக்காரரா?’ என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி கேட்டால் போதும், அடுத்த நாள் அந்த அக்கா வரமாட்டார். நடந்ததையும் ஆசைப்பட்டதையும் இட்டுக்கட்டியதையும் ஒரே நோட்டில் கலந்து எழுதுகிற சுதந்திரத்தை அந்த ஒரு கேள்வி பறித்துவிடும். பயிற்சி தருகிறவருக்கு இந்த விதி இரட்டிப்பாகப் பொருந்தும். எழுத்துப் பயிற்சி என்ற சாக்கில் அந்தரங்கம் கிண்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போட்டோ வேண்டாம், பேனர் முன் குழுப்படமும் வேண்டாம். முகம் தெரியும் ஒரு படம், எவளோ எழுதிய ஒரு பத்தி, இரண்டையும் ஒட்டி ஒருவன் பரப்பினால் அத்தனை பேரும் வீட்டில் பதில் சொல்ல வேண்டிவரும்.

கதையில் ஊர், தெரு, கோயில், குலப்பெயர், அடையாளம் தெரியும் ஆள் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அவதூறு வழக்குக்கு மட்டும் பயந்து சொல்லவில்லை. 2013 ஏப்ரலில் நடந்த சாதி வன்முறையின் வடு மரக்காணத்தில் இன்னும் இருக்கிறது. சாதி தாண்டிய ஆசையை எழுதிய கதையை ஆபாசம் என்று யாராவது பிடித்தால், அவர்கள் கோபம் பெரும்பாலும் ஆபாசத்தின் மீது இருக்காது. அந்தக் கதையை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதியவள் தனியாக மாட்டாதபடி எழுதச் சொல்கிறேன்.

எதிர்ப்பு வந்துவிட்டால், பெருமாள்முருகனுக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுவார்த்தையில், மன்னிப்புக் கேட்கவும் நூலைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட வேண்டிவந்தது. அதன்பின் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். ச. தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மீண்டும் எழுதட்டும் என்றது. புகழ்பெற்ற எழுத்தாளரையே அப்படி ஒரு மேசைக்கு முன் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்க முடியுமென்றால், உப்பளத்தில் கூலிக்குப் போகும் பெண்ணை ஊர்ப் பெரியவர்களோ தாலுகா ஆபீஸோ அழைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அழைத்தால் போகலாம், பேசலாம். வக்கீல் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நோட்டைக் கொடுக்காதீர்கள். ஊர்க்கூட்டத்துக்கு அதைக் கேட்க அதிகாரமே கிடையாது. விசாரிக்க வேண்டுமென்றால், சாட்சியாக அழைக்கப்படும் பெண்ணைப் போலீஸ் அவள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்வது, மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் காவல் அதிகாரி செய்யும் விதிவிலக்கான சந்தர்ப்பம் தவிர, கூடாது. இரண்டும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன.

‘உன் நடத்தை சரியில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிடுவேன்’ என்று மிரட்டுவது சாதாரணக் குற்றமில்லை என்பது நம் பெண்கள் பலருக்குத் தெரியாது. கற்பில் களங்கம் கற்பிப்பதாக மிரட்டினால் நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை. பெயர் சொல்லாமல் மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு. பின்தொடர்ந்து தொல்லை செய்தால் 78, ஆபாசச் சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்தினால் 79. சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினால் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும். நோட்டைப் பார்த்துவிட்டுப் புருஷன் அடித்தாலோ, நாளெல்லாம் கேவலமாகப் பேசினாலோ 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அளத்து மேஸ்திரி இதைச் சாக்காக வைத்துப் பாலியல் தொல்லை கொடுத்தால், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் செய்யலாம். அந்தச் சட்டம் அமைப்புசாராத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

உடனடி உதவிக்கு 112, பெண்களுக்கான 181. படத்தை மாற்றிப் பரப்பினால் 1930இலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். படம் பரவிய செயலியின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். நீக்குவதற்கு 24 மணி நேரம் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. படத்தை அழிக்குமுன் திரையைப் படமெடுத்து, எண்ணையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். மரக்காணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடுகிறது. ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று ஒரு ஸ்டேஷன் திருப்பி அனுப்பினால், எங்கு நடந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்ற நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவைச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987இன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100க்கு அழைக்கலாம், நேரில் போக வேண்டுமானால் திண்டிவனம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. கூடுகை நடக்குமுன்பே அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்து அறிமுகப்படுத்திக்கொள்வது நல்லது.

கதைகள் நன்றாக வந்தால் தொகுப்பாகப் போட ஆசை வரும், வரட்டும். பதிவு எதுவும் செய்யாமலே எழுதியவளுக்குத்தான் பதிப்புரிமை. புனைபெயரில் எழுதினாலும் அப்படியே. வாய்மொழியாகச் சொன்ன பாட்டியின் கதையை நீங்கள் எழுதினால் அவர் சம்மதத்தை வாங்கி, அவர் விரும்பும் பெயரைப் போடுங்கள், சன்மானத்திலும் பங்கு கொடுங்கள். உரிமையை எழுத்துபூர்வமாக இல்லாமல் யாருக்கும் மாற்ற முடியாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். அச்சுக்குப் போகும் முந்தின நாள் வரை தன் கதையைத் திரும்பப் பெற ஒவ்வொருத்திக்கும் உரிமை உண்டு என்பதை அந்த ஒப்பந்தத்தின் முதல் வரியாக எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.