ஃபோர் வீல்: எப்போது போடுவது, எப்போது எடுப்பது?

மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் பிக்கப் வண்டிக்குக் கைகொடுப்பது ‘ஃபோர் வீல்’. ஆனால், அதைப் போட்டபடியே தார் சாலைக்கு வந்தால் வண்டிக்குக் கேடு.

ஹைலக்ஸ், டிமேக்ஸ் போன்ற வண்டிகளில் 2எச், 4எச், 4எல் என மூன்று நிலைகள் உண்டு. காய்ந்த தார் சாலைக்கு 2எச் போதும். அதில் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும். சேறு, மணல், வழுக்கும் மண் பாதைக்கு 4எச்.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் சுற்றுகின்றன. 4எச்-இல் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். சேற்றில் டயர் சற்று வழுக்குவதால் அந்த வேறுபாடு சரியாகிவிடும். காய்ந்த தாரில் டயர் வழுக்காது. ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், நாளடைவில் கியர் பாகங்களும் பழுதாகும்.

செங்குத்தான மேடு, ஆழமான சேறு என்றால் 4எல். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்த பிறகே மாற்ற வேண்டும். வழுக்கும் இறக்கத்திலும் 4எல் உதவும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக்கை அழுத்தும் தேவை குறையும்.

மிக முக்கியமாக, ஃபோர் வீல் வண்டியை நகர்த்தத்தான் உதவும். பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. நனைந்த சாலையில் அதை நம்பி வேகமெடுப்பது உயிருக்கே ஆபத்து.

சில வண்டிகளின் அமைப்பு மாறுபடும் என்பதால், கையேட்டை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.