மணி ஓய்ந்த பின் யார் அழைப்பது?



நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், லயங்களுக்குப் பின்னால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சிறிய ஜெபக்கூடம் இருந்தது. மரக்கிளையில் தொங்கிய இரும்புத் துண்டுதான் மணி. கிறிஸ்துமஸ் இரவில் மாரியம்மன் கோயில் பூசாரியின் பிள்ளைகளும் எங்களோடு முறுக்குக்குக் காத்திருப்பார்கள். இன்று அங்கே லயமும் இல்லை, கூடமும் இல்லை. செம்பனை மட்டும் வரிசையாக நிற்கிறது.

இது ஒரு தோட்டத்தின் கதை மட்டுமன்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் ஆனதும் நீங்கள் அறிந்தவையே. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயின, சபையும் சிதறியது. கூடம் நம்முடையது, நிலமோ நிர்வாகத்தினுடையது. கையில் காகிதம் இல்லாததால், "காலி செய்யுங்கள்" என்றபோது நமக்குப் பேச வாயில்லை. தோட்ட நிலத்தில் இன்னும் நிற்கும் ஆலயங்களும், கடைவீட்டு மாடியில் வாடகைக்குக் கூடும் சபைகளும் இதை மறக்கலாகாது. இது முதல் சவால்.

இரண்டாவது, மொழி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தமிழைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறியது. நம் நாட்டு லுத்தரன் திருச்சபை அந்த மரபில் வந்தது. மெதடிஸ்டு சபையில் தமிழருக்கெனத் தனி ஆண்டு மாநாடு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் கத்தோலிக்கரும் தமிழிலேயே திருப்பலி காண்கிறார்கள். அந்நியர் வருந்திக் கற்ற மொழியை நாம் என்ன செய்கிறோம்?

சென்ற கிறிஸ்துமஸில், பட்டணத்து ஆலயமொன்றில் இனிமையாகப் பாடிய ஒரு சிறுமியின் தாளை வாங்கிப் பார்த்தேன். பாட்டு தமிழ், எழுத்தோ ரோமன். "எனக்குப் படிக்கத் தெரியாது சார்," என்றாள். அவள் ஆங்கில ஆராதனைக்குப் போகிறாள், அவள் பாட்டி தமிழ் ஆராதனைக்கு. ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் ஒரே பிரசங்கத்தைக் கேட்பதில்லை. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தைக் கற்றுக்கொடுக்காதவர்கள் நாம்தானே?

மூன்றாவது, ஆள் பலம். 2020 கணக்கெடுப்பின்படி மலேசியரில் கிறிஸ்தவர் 9.1 விழுக்காடு; அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் சிறு மந்தைதான். அதிலும் பிரிவுக்குப் பிரிவு தனித்தனியே நின்றால் யார் யாரைத் தாங்குவது? 2020 மார்ச்சில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது ஆராதனை கைப்பேசிக்குள் வந்தது. கைப்பேசி பழகாத முதியோர் தனித்துப் போனார்கள். அவர்களில் எத்தனை பேரை நாம் பிறகு தேடிப் போனோம்?

வாசகர்களே, இதற்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. இரவு ஜெபத்தின்போது பிள்ளையை ஒரு வசனமாவது தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் திக்கட்டும். உங்கள் சபைக்கூடம் யார் நிலத்தில் நிற்கிறது என்று இந்த மாதமே கேளுங்கள். மின்தூக்கி பழுதான மாடியில் படியிறங்க முடியாமல் இருக்கும் பாட்டியின் கதவை ஞாயிறு மாலையில் தட்டுங்கள்.

அன்று இரும்புத் துண்டின் ஓசை கேட்டு நாம் ஓடினோம். இன்று அந்த மணி இல்லை. இனி அழைக்க வேண்டியது நம் குரல்தான்.