உஷார்! ஏரிக்குப் பணம் வரும், வரத்து வாய்க்காலுக்கு வருமா?

சின்னசேலம் வட்டாரத்து விவசாயிகளே, உஷார்! உங்கள் ஊர் ஏரிக்கு நிதி ஒதுக்கியாச்சு என்று யாராவது சொன்னால், மாலை வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்த வேலையின் எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கரையைப் பலப்படுத்துவது இருக்கும், மதகு பழுதுபார்ப்பது இருக்கும், கலுங்கு கட்டுவது இருக்கும். வரத்து வாய்க்கால் இருக்கிறதா? எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை? அந்த வரி இல்லையென்றால், கரை எவ்வளவு உயர்ந்தாலும் ஏரியில் தண்ணீர் நிற்கப் போவதில்லை.

பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2005 முதல் மத்திய அரசின் நீர்நிலை சீரமைப்புத் திட்டம் இருக்கிறது. 2007இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய பாசன மேம்பாட்டுத் திட்டத்தில் நம்முடைய வெள்ளாற்றுப் படுகையும் இருந்தது. 2017இல் குடிமராமத்து மறுபடி வந்தபோது முதல் சுற்றுக்கு மட்டும் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். அதே காலத்தில் மறுபடியும் உலக வங்கித் துணையோடு 2,962 கோடியில் அடுத்த பாசனத் திட்டம். 2022இல் அமிர்த சரோவர், மாவட்டத்துக்கு 75 நீர்நிலை. இப்படித் திட்டம் மேல் திட்டமாக வரும்போது ஒரே ஏரியின் கரையில் இரண்டு மூன்று முறை மண் ஏறலாம். தண்ணீர் வரும் வழியைத் திறக்க ஒரு முறைகூட யாரும் வராமலும் போகலாம். எனக்கு இருக்கும் பயம் இதுதான்.

ஏனென்றால் ஏரி ஒரு துறையின் கையில் இல்லை. மழை கல்வராயன் மலையில் பெய்கிறது; காடு வனத்துறையுடையது. கோமுகி அணை நீர்வளத் துறையுடையது. 46 அடி அணை, பழைய, புதிய ஆயக்கட்டு சேர்த்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். வாய்க்கால் ஓடும் புறம்போக்கு வருவாய்த் துறை கணக்கில். அதைக் குறுக்கே வெட்டும் சாலை நெடுஞ்சாலைத் துறை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. சாக்கடையை ஏரிக்குள் விடாமல் தடுக்க வேண்டியது பேரூராட்சி. சேகோ ஆலைக் கழிவு கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்க வேண்டும். மண் எடுத்தால் கனிமவளத் துறை. ஒவ்வொருவரும் தன் துண்டைச் சரியாகச் செய்தாலும் ஏரி வறண்டே கிடக்கலாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வாய்க்கால் சாலையைக் கடக்கும் இடத்துக்குப் போய்க் குனிந்து பாருங்கள். வாய்க்காலின் தரையைவிட குழாய்ப் பாலத்தின் அடி மேலே இருக்கிறதா? ஒரு அடி உயர்ந்திருந்தாலே போதும், சிறு மழைத் தண்ணீர் சாலையைத் தாண்டாது. பெருமழை வந்தால் அதே இடத்தில் தேங்கி, பக்கத்து மக்காச்சோளத்தையும் மரவள்ளியையும் மூழ்கடிக்கும். சாலை போட்டவர் வேலை முடித்துவிட்டார், ஏரி தூர்வாரியவரும் பில் போட்டுவிட்டார். அந்த ஒரு அடிக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது.

அடுத்தது மண். வண்டல் எடுக்க தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024இல் விதியைத் தளர்த்தினார்கள். விவசாயிக்கும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் நல்லதுதான். ஆனால் வண்டல் தீர்ந்த பிறகும் பொக்லைன் நின்று கிராவல் தோண்டினால் சும்மா இருக்காதீர்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே பலமிழக்கும். தண்ணீர் நிரம்பிய பிறகு எங்கே ஆழம் என்று தெரியாமல் குழந்தைகள் இறங்குவார்கள். இதைச் சொல்லும்போதே மனசு பதறுகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. நம்முடைய ஏரிகள் எல்லாம் பாசனத்துக்குக் கட்டியவைதானே! வேடந்தாங்கல் போன்றவை பறவைகள் சரணாலயம் என்பதால் தப்பித்தன. மிச்சம் இருப்பது 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அதுவும் பொதுப்பணித் துறை வசம் இருந்த ஏரிகளுக்குத்தான். ஒன்றியத்து ஏரிக்கு அந்தப் பலமும் கிடையாது.

ஒருங்கிணைப்பு நடக்காத காரியம் இல்லை. ஒடிசாவின் சிலிகா உப்புநீர்க் காயல்தான், ஆனாலும் பாடம் ஒன்றே. 1991இல் அதற்கென்று தனி ஆணையம் வைத்தார்கள். 1993இல் ராம்சார் அமைப்பின் ஆபத்துப் பட்டியலில் ஏறிய அந்த ஏரிக்கு 2000இல் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். 2002இல் பட்டியலிலிருந்து இறக்கினார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் அலுவலகம் இருந்தது.

கள்ளக்குறிச்சி 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது. மலையின் நம் பக்கமும் அணையும் ஏரியும் இன்றைக்கு ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் இருக்கின்றன. அவர் கூப்பிட்டால் இத்தனை துறையும் ஒரே மேஜையில் உட்காரும். கூப்பிட வைக்க வேண்டியது நாம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆயக்கட்டுக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, வாய்க்காலின் புலப்பட நகலோடு விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் கூட்டாக வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும், அது முடிந்த பிறகே ஏரிக்குள் இயந்திரம் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.