எம்.ஆர்.டி. வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு, அவருடைய கேஸ் ஷீட் வார்டிலிருந்து எம்.ஆர்.டி.க்கு, அதாவது மருத்துவ ஆவணப் பிரிவுக்கு வந்து சேர்கிறது. அங்கே கோப்பு அடுக்கும் வேலைதான் நடக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் வேலை, படிப்பது. அறுவை சிகிச்சைக் குறிப்பு இருக்கிறதா, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து உண்டா, டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தாள் தாளாகப் பார்த்து, குறை இருந்தால் மருத்துவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

இதற்கான பயிற்சியைப் புதுச்சேரி ஜிப்மர் அளித்துவருகிறது, வேலூர் சி.எம்.சி.யில் பட்டப்படிப்பே இருக்கிறது. உடற்கூறியல், மருத்துவச் சொற்கள், புள்ளியியல், சட்டம், கணினி என்று பாடங்கள் நீளும். அவற்றில் கடினமானது நோய்களுக்குக் குறியீடு போடுவது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்குக் குறியீடு ‘இ11’. அதனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் ‘இ11.2’, சிக்கல் எதுவும் இல்லையென்றால் ‘இ11.9’. சம்மரியில் ‘சர்க்கரை நோய்’ என்று மட்டும் இருக்கிறது, பரிசோதனைத் தாளிலோ சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு போடுபவர் தாமாகவே ‘.2’ சேர்த்துவிடக் கூடாது. நோயை முடிவுசெய்வது மருத்துவர். அவரிடம் கேட்டு, எழுதி வாங்கிய பிறகே போட வேண்டும். கேஸ் ஷீட்டோடு உட்கார்ந்து பழகாமல் இந்த ஒழுக்கம் வராது. காப்பீட்டுப் பணம் கிடைப்பதும், எந்த நோய் பெருகுகிறது என்று அரசு போடும் கணக்கும் இந்தக் குறியீட்டை நம்பித்தான் இருக்கின்றன.

அடுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. 38-52-07 என்ற கோப்பு எண்ணை வலப்பக்கத்திலிருந்து படிப்பார்கள்: முதலில் 07ஆம் பகுதி, அதற்குள் 52, அதற்குள் 38. எண் வரிசைப்படி வைத்தால் புதுக் கோப்புகளெல்லாம் கடைசி அலமாரியிலேயே குவியும். வலப்பக்கத்திலிருந்து படிக்கும் முறையில் 100 பகுதிகளும் சீராக நிரம்பும்.

உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள். விபத்து இழப்பீட்டுக்காக அலையும் குடும்பத்துக்கு அந்தக் கோப்புதான் சாட்சி. அது இடம் மாறி வைக்கப்பட்டிருந்தால் அவர்களுக்குப் பேச வேறு ஆதாரமே இல்லாமல் போகலாம்.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு தேசியச் சட்டம் இத்துறையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. படிப்பில் சேரும் முன் கேட்க வேண்டியவை சில: எந்த மருத்துவமனையோடு இணைந்தது, எத்தனை மாதம் எம்.ஆர்.டி.யில் பயிற்சி, 2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11ஐச் சொல்லித்தருகிறார்களா? கணினி அறையிலேயே முடிந்துவிடும் படிப்பு என்றால், அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.