அண்டாவும் வாளும்

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைத் தாம்பரத்துக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கின்படி அங்கே பெய்திருந்தது 49 சென்டிமீட்டர். அடையாறு கரைமீறியதில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. ஜனங்கள் மொட்டைமாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அந்த நாட்களில் தியாகராய நகர் ஜி.என்.செட்டி சாலையில் உள்ள சீக்கியக் கோயிலான குருத்வாராவில் அண்டா அண்டாவாகச் சமையல் நடந்தது. வெள்ளம் சூழ்ந்த பகுதிகளுக்குச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்தது. வாங்கியவர் என்ன மதம், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை.

தென்சென்னைக்குச் சீக்கியர்கள் புதியவர்கள் அல்ல. தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்திலும் தலைப்பாகை அணிந்த அதிகாரிகளைப் பார்த்தே இங்கே பல தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. வேளச்சேரி குருநானக் கல்லூரி 1971-லிருந்து இயங்குகிறது. ஆனால் சீக்கியர் என்றதும் நம் மனதில் முதலில் தோன்றுவது போர்வீரர்தான். வெள்ளத்தில் பார்த்த சமையற்கூடத்தைத் தனி நல்ல குணமாக எடுத்து வைத்துவிடுகிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் சீக்கிய வரலாறு பிடிபடாது. அவர்களுடைய அரசர்கள் அடித்த நாணயத்திலேயே இரண்டும் சேர்ந்து இருக்கின்றன.

முதலில் வந்தது அண்டாதான். சீக்கிய மதத்தை நிறுவிய குருநானக் (1469–1539) இன்றைய பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்று அழைக்கப்படும் ஊரில் பிறந்தவர். நெடுந்தூரம் நடந்த அவர், இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமேஸ்வரத்துக்கு வந்தார் என்பது சீக்கியர்களின் மரபு. அதன் நினைவாக அங்கே ஒரு குருத்வாராவும் இருக்கிறது. அவர் ஏற்படுத்திய பொதுச் சமையற்கூடமான லங்கரை மூன்றாம் குரு அமர்தாஸ் கட்டாய விதியாகவே ஆக்கினார். குருவைப் பார்க்க வருபவர் யாராக இருந்தாலும் முதலில் எல்லோரோடும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தரிசனம் அதற்குப் பிறகுதான். யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில் இது சாதாரண உபசாரம் இல்லை, பெரிய கலகம்.

வாள் பின்னால் வந்தது, அதுவும் அடி விழுந்த பிறகு. ஐந்தாம் குரு அர்ஜன் 1606-இல் ஜஹாங்கீர் காலத்தில் லாகூரில் சித்திரவதைக்கு ஆளாகி உயிர்விட்டார். அவர் மகன் ஹர்கோபிந்த் இடுப்பில் இரண்டு வாள் கட்டினார்: ஒன்று ஆன்மிகத்துக்கு, ஒன்று உலக அதிகாரத்துக்கு. ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675-இல் டெல்லியில் ஔரங்கசீப்பின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டார். அவருடைய மகன்தான் குரு கோபிந்த் சிங்.

1699 வைசாகி நாளில் ஆனந்த்பூரில் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் கோபிந்த் சிங் உருவிய வாளோடு நின்று, தலை கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதாக மரபு சொல்கிறது. ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தார்கள். அவர்கள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லாகூர் கத்ரி ஒருவர், அஸ்தினாபுரத்து ஜாட் ஒருவர். மற்ற மூவரில் ஒருவர் பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துவாரகையின் துணி அச்சிடுபவர், இன்னொருவர் நம் தக்காணத்துப் பீதரிலிருந்து போன நாவிதர். அந்த ஐந்து பேருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து அமிர்தம் கொடுத்த குரு, பிறகு அவர்கள் கையாலேயே தானும் வாங்கிக் குடித்தார். கால்சா என்ற சீக்கியச் சமூகம் பிறந்தது அப்படித்தான். சாதிப் பெயர்கள் போய், ஆண்கள் எல்லோருக்கும் சிங் என்று பெயர் வந்தது. (சிங் என்றாலே சீக்கியர் என்று எண்ணிவிட வேண்டாம். நம் செஞ்சிக்கோட்டை தேசிங்கு ராஜாவின் பெயர் தேஜ் சிங். அவர் புந்தேலா ராஜபுத்திரர்.)

குருவின் இளைய மகன்கள் இருவரும் சிறுவர்களாக இருந்தபோதே சிர்ஹிந்த் நவாபின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். 1710-இல் அந்தச் சிர்ஹிந்தை வீழ்த்தியவர் பந்தா சிங் பகதூர். கோதாவரிக் கரையில் நாந்தேடில் துறவியாக இருந்தவரைக் குரு சந்தித்துப் பஞ்சாபுக்கு அனுப்பியிருந்தார். பந்தா சிங் செய்த முக்கியமான காரியம் போர் மட்டும் இல்லை. பிடித்த நிலத்தில் ஜமீன்தார்களை நீக்கிவிட்டு உழுதவர்களிடமே நிலத்தைக் கொடுத்தார். அவருடைய அரசு நீடித்தது சில ஆண்டுகள்தான். 1716-இல் டெல்லியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஆனாலும் பஞ்சாபின் உழவர்கள் அந்தச் சில ஆண்டுகளை மறக்கவில்லை.

அதன் பிறகு அரை நூற்றாண்டு சீக்கியர்கள் ஓடி ஒளிந்து போரிட்ட காலம். சிறு சிறு படைகளாகப் பிரிந்து, ஆப்கானிய அரசர் அகமத் ஷா அப்தாலியின் படையெடுப்புகளைத் தாங்கினார்கள். 1762-இல் ஒரே பெரும் படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலை அப்தாலி வெடிவைத்துத் தகர்த்தார். அவர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் காலத்தின் பெரிய தளபதிகளில் ஜஸ்ஸா சிங் அலுவாலியா சாராயம் காய்ச்சும் சாதியில் பிறந்தவர், ஜஸ்ஸா சிங் ராம்கடியா தச்சர் குலத்தவர். பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் போர்க்களத்திலும் பிறப்புப் பார்க்காமல் தலைவர்களைத் தேர்ந்தார்கள்.

அடுத்து வருகிறது 1799. தமிழர்களுக்கு அந்த ஆண்டு ஒரு காயம். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டுக்கும் நடுவில், ஜூலையில், ரஞ்சித் சிங் என்ற பதினெட்டு வயது இளைஞர் லாகூருக்குள் நுழைந்தார். பெரியம்மையில் ஒரு கண்ணை இழந்தவர். அவருக்கு வழி அமைத்துக் கொடுத்தவர் மாமியார் சதா கௌர், தானே படை நடத்திய பெண்மணி. தெற்கில் பாளையங்கள் அணைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் வடமேற்கில் ஒரு புது அரசு எழுந்தது. கம்பெனிக்காரர்கள் அதன்மேல் கைவைக்க இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ரஞ்சித் சிங் 1818-இல் முல்தானையும் 1819-இல் காஷ்மீரையும் சேர்த்துக்கொண்டார். நெப்போலியனிடம் பணியாற்றிய அலார், வென்டுரா போன்றவர்களைப் பணியில் அமர்த்திப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். வெளியுறவைக் கவனித்தவர் பக்கீர் அஜீசுதீன் என்ற இஸ்லாமியர், வரவு செலவைக் கவனித்தவர் தீனாநாத் என்ற இந்து. கைபர் கணவாய்ப் பக்கத்தில் ஹரி சிங் நல்வா காவலிருந்து, 1837-இல் ஜம்ரூத்தில் உயிர்விட்டார். இத்தனை வெற்றி கண்ட மகாராஜா தன் பெயரில் ஒரு காசுகூட அடிக்கவில்லை. காசு குருநானக் பெயரால் வெளிவந்தது. அண்டாவும் வாளும் வெற்றியும் நானக்கிடமிருந்து கோபிந்த் சிங் பெற்றவை என்ற கருத்தைப் பாரசீகத்தில் அதில் பொறித்திருந்தார்கள். பந்தா சிங்கின் முத்திரையில் முன்பே இருந்த வாசகம் அது. அரண்மனைக் கருவூலத்து நாணயத்தில் சமையல் பாத்திரத்தை வாளுக்கு முன்னால் வைத்த அரசு உலகில் வேறெங்காவது உண்டா என்பது சந்தேகம்.

1839-இல் ரஞ்சித் சிங் இறந்ததும் அரண்மனைக்குள் கொலைகள் தொடங்கின. இரண்டு போர்களுக்குப் பிறகு 1849-இல் பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரியணையில் இருந்த சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து கோகினூர் வைரமும் போனது.

வாள் மட்டும் உறைக்குள் போகவில்லை; சீக்கியர்கள் அதை இந்திய விமானப்படைக்குள்ளும் கொண்டுபோனார்கள். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் நிர்மல்ஜித் சிங் செக்கோன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே சிறிய நாட் விமானத்தில் மேலேறி, ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களை எதிர்த்துப் போரிட்டு மடிந்தார். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் நம் கோவை சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது.

அண்டாவும் தெற்கே வந்திருக்கிறது, 2015-க்கு வெகுகாலம் முன்பே. 1924 மார்ச் இறுதியில் கேரளத்தில் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்க உரிமை கேட்ட போராட்டம். ஏப்ரலில் பெரியார் போய்ச் சேர்ந்தார். அந்த மாதக் கடைசியில் பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து அங்கே ஒரு லங்கரைத் திறந்தார்கள். தங்கள் குருத்வாராக்களை மகந்துகள் என்ற பரம்பரை நிர்வாகிகளிடமிருந்து மீட்கப் போராடி, போலீஸ் தடியடியைத் திருப்பி அடிக்காமல் வாங்கிய இயக்கத்தார் அவர்கள். சத்தியாகிரகிகளுக்கும் வந்தவர்களுக்கும் சாதி பார்க்காமல் சோறு போட்டார்கள்.

காந்தி இதை ஏற்கவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய விஷயம், இலவசச் சாப்பாடு மலையாளிகளின் சுயமரியாதைக்கு அழகல்ல என்பது அவர் வாதம். சமையற்கூடம் மூடப்பட்டது. அந்த இடத்தில் காந்தியின் கணிப்பு பிசகியது என்றே சொல்ல வேண்டும். தெருவில் நடக்கக்கூடாது என்று விரட்டப்பட்டவர் எல்லோர் பக்கத்திலும் உட்கார்ந்து உண்பது பசியாற்றுவது மட்டும் அல்ல. அந்தப் போராட்டத்தின் கோரிக்கையே அதுதான். இங்கே தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1925 நவம்பரில் வைக்கத்தில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெருவுக்கு 1936-இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.