தாய்க்குத் தாய் சொல்லும் பாடம்

கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது ஆடலூர். காப்பியும் மலைவாழையும் விளையும் ஊர். இத்தகைய மலையூர் ஒன்றில், நான்கு வயதாகியும் ஒரு குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதுமில்லை என்று வைத்துக்கொள்வோம். தாய் பிள்ளையுடன் மலையிறங்கித் திண்டுக்கல் செல்கிறாள். மருத்துவர் "ஆட்டிசம்" என்கிறார். செய்ய வேண்டியவற்றையும் சொல்கிறார். ஊர் திரும்பியதும் அவளுக்கு ஆயிரம் ஐயங்கள். யாரைக் கேட்பாள்? அக்கம்பக்கத்தாரோ, "கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று அவளையே குற்றவாளியாக்குகின்றனர்.

ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மிகைத்துடிப்போடு கூடிய கவனக்குறைவு ஆகியவை மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடுகள். இவற்றுக்குக் கிரகணமும் காரணமன்று, தாயும் காரணமல்லள். ஆனால் ஒரு காலத்தில் மேலைநாட்டு நிபுணர்கள் சிலரே, தாயின் பாசக்குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று கூறிவந்தனர். அதை மறுத்து 1964இல் நூல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தந்தை. பிரிட்டனில் 1962இல் பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அதன் நிறுவனர்களுள் ஒருவரான மனநல மருத்துவர் லோர்னா விங்கும் அத்தகைய பிள்ளையின் தாயே. இந்தியாவில் பெற்றோர் சங்கங்கள் இணைந்து 1995இல் 'பரிவார்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின.

வேலூரில் ஒரு சோதனை

பெற்றோர் கூடிப் பேசினால் மனம் ஆறும். அதற்கு மேலும் பயன் உண்டா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் ரஸ்ஸலும் உடன் பணியாற்றியோரும் இதை ஆராய்ந்தனர். அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாக்கினர். 10 வாரங்கள் ஒரு பிரிவினர் விரிவுரை கேட்டனர். மறு பிரிவினர் குழுவாக அமர்ந்து, தம்முள் கேட்டும் சொல்லியும் கற்றனர். 1999இல் முடிவு வெளியாயிற்று. குழந்தை வளர்ப்பு, குறைபாட்டைப் பற்றிய அறிவு, அதைக் கையாளும் முறை ஆகிய மூன்றிலும் குழுவினரே கூடுதலாக முன்னேறியிருந்தனர். ஆனால் குறைபாட்டின்மீது அவர்கள் கொண்டிருந்த மனப்பான்மை மட்டும் மாறவில்லை. கூடிப் பேசுவதால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் இதனால் அறிகிறோம்.

பயன் எப்படி விளைகிறது?

"எந்த வேலையையும் சிறு படிகளாகப் பிரித்துப் பழக்குங்கள்" என்பார் மருத்துவர். சரிதான், வீட்டில் எப்படிச் செய்வது? மூத்த பிள்ளையைப் பழக்கிய இன்னொரு தாய் சொல்வாள்: "நீயே சட்டைய மாட்டிவிடு தங்கச்சி. கடைசிப் பித்தானை மட்டும் அவன் போடட்டும். அது பழகினதும் கடைசி ரெண்டு." கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கும் இம்முறையை உளவியலாளர் பெரிதும் கையாள்கின்றனர். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி குழந்தைக்குக் கிடைக்கிறது அல்லவா? கேட்கும் தாய்க்கோ, "நம்மால் முடியும்" என்ற துணிவும் சேர்ந்து கிடைக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும். இக்குழந்தைகளிடையே வலிப்பு நோய் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஒருவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. "முற்றிலும் குணமாக்கிவிடுவேன்" என்று பணம் கேட்பவரையும் நம்பலாகாது. மருந்து, பரிசோதனை ஆகியவை மருத்துவரின் பொறுப்பு. அன்றாடப் பழக்கமும் ஆறுதலும் பெற்றோர் குழுவின் பணி.

குழு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த மலையூர்களிலிருந்து மூன்று நான்கு குடும்பங்கள் போதும். மாதம் ஒரு ஞாயிறன்று பள்ளித் திண்ணையில் பிள்ளைகளோடு கூடலாம். இடைநாட்களில் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அக்குழுவினரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ, "எங்களைப் போன்ற வேறு குடும்பம் விரும்பினால், எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டு வைக்கலாம். முதல் அடி அதுதான்.